எழுத்தறிவு வகுப்பால் வந்த தெம்பை எப்படி அளப்பது?

வணக்கம். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் (2022–27) படித்த பெண்களின் மனநலம் மேம்பட்டதா என்று ஆய்வு செய்கிறேன். அடுத்த மாதம் அறிக்கை கொடுக்க வேண்டும், நடுவில் சிக்கி நிற்கிறேன். திட்டத்தின் தேர்வு வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றை மட்டுமே அளக்கிறது. வகுப்புக்கு முன் எடுத்த தரவும் இல்லை.

மனநலத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 5 கேள்விப் படிவத்தைத் தமிழில் கேட்டுப் பார்த்தேன். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, எல்லாரும் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார்கள். சரி என்று வகுப்புக்கு வராதவர்களோடு ஒப்பிட்டேன். வந்தவர்கள் முன்பே ஆர்வமுள்ளவர்கள், அதனால் அது நியாயமான ஒப்பீடு இல்லை. ஆனால் வங்கிப் படிவத்தைத் தானே நிரப்பும் அக்காக்களிடம் தெரியும் தெம்பு உண்மை. அது அறிக்கையில் விடுபடக் கூடாது.

தொடக்கத் தரவு இல்லாமல் இந்த மாற்றத்தை நம்பகமாகக் காட்ட எந்த ஆய்வு முறை பொருந்தும்?