‘மேற்பார்வை’ போதாது: மின் நிறுவன ஒன்றிணைவுக்கு ‘இசைவாய்வு’ என்னும் சொல் பற்றி

வணக்கம் ஐயா,

அமெரிக்க மின்துறைச் சட்டங்களுக்கான சொற்பட்டியலில், மின் நிறுவனங்கள் ஒன்றுசேர்வது, ஒன்றை ஒன்று வாங்குவது, அதை அரசு ஆணையங்கள் ஆராய்வது ஆகியவற்றுக்கு நீங்கள் முன்வைத்த சொற்களை இரண்டு நாட்களாக மனத்தில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

> இணைப்பு, கையகப்படுத்தல், மேற்பார்வை மூன்றும் புழக்கத்தில் உள்ளவை. புதிய சொல் எதற்கு?

வேறு எந்தத் துறை என்றாலும் நானும் இதையே சொல்லியிருப்பேன். மின்துறையில் ‘இணைப்பு’ என்றால் வீட்டுக்கு வரும் கம்பிதான் நினைவுக்கு வரும். ‘மின் நிறுவன இணைப்புக்கு அனுமதி மறுப்பு’ என்று எழுதினால், யாருக்கோ மின்சாரம் தர மறுத்துவிட்டார்கள் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ‘இணைவு’ என்று சுருக்கினால் அணுக்கரு இணைவு குறுக்கே வருகிறது. இந்த நிறுவனங்களில் பல அணுமின் நிலையங்களையும் நடத்துகின்றன. ஆகவே ‘ஒன்றிணைவு’ என்று வைத்துக்கொள்வோம். ‘கையகப்படுத்தல்’ என்பதில் அரசு நிலம் எடுக்கும் வாடை பலமாக அடிக்கிறது. ஒரு தனியார் நிறுவனம் இன்னொன்றை வாங்கினால் ‘கைமாறிவிட்டது’ என்றுதான் நம் வாயில் வருகிறது. ‘கைமாற்றம்’ போதும்.

என் மனக்குறை முழுவதும் ‘மேற்பார்வை’ மீதுதான். வேலை நடந்துகொண்டிருக்கும்போது அருகில் நின்று பார்ப்பது மேற்பார்வை. ‘கண்காணிப்பு’ என்றாலும் அதே நிலைதான். பார்க்கிறவர் பார்த்துக்கொண்டே இருப்பார். 1935ஆம் ஆண்டின் கூட்டரசு மின்சக்திச் சட்டத்தின் 203ஆம் பிரிவு அப்படிப்பட்டதன்று. 1 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒன்றிணைவு என்றால், கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் இசைவு கிடைக்கும்வரை அது நடக்கவே முடியாது. அது பொதுநலனுக்கு ஒத்ததா என்று ஆணையம் ஆராய்கிறது. போட்டி குறையுமா, கட்டணம் ஏறுமா, ஒழுங்குமுறையின் கை தளருமா என்று கேட்கிறது. நுகர்வோரின் பணம் தாய் நிறுவனத்தின் வேறு தொழிலுக்குக் கசியுமா என்ற கேள்வியை 2005ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. 180 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும்; காரணம் காட்டி இன்னும் 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம். இரண்டும் செய்யாவிட்டால் இசைவு தந்ததாகவே கொள்ளப்படும். மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். மேற்பார்வை ‘தந்ததாகக் கொள்ளப்படும்’ என்று எழுதிப் பாருங்கள், பொருளே நிற்காது. இசைவைத்தான் தரலாம், மறுக்கலாம், தந்ததாகக் கொள்ளலாம்.

அதனால் என் பரிந்துரை ‘இசைவாய்வு’.

> இசை பற்றிய ஆய்வு என்று மயங்க மாட்டார்களா?

அது ‘இசையாய்வு’. ‘இசைவு’ என்பதன் வகரம் நம்மைக் காப்பாற்றுகிறது. ‘இசைவாணை’ அரசு ஆவணங்களில் புழங்கும் சொல்தான்; அதைப் படித்து எவரும் ராகத்தை நினைப்பதில்லை.

இந்தச் சொல்லை நான் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம் மாநில ஆணையங்கள். ஒன்றிணைவு அவற்றின் கதவையும் தட்டியாக வேண்டும். மறுப்பு பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. எக்ஸலான் என்ற மின் நிறுவனம் 680 கோடி டாலருக்கு பெப்கோ என்ற இன்னொரு மின் நிறுவனத்தை வாங்க முயன்றபோது, வாஷிங்டன் நகரின் பொதுச்சேவை ஆணையம் 2015 ஆகஸ்டில் முடியாது என்றது. 2016 மார்ச்சில் புதிய நிபந்தனைகளோடு இசைந்தது. ஹவாயின் மின் நிறுவனத்தை வாங்க வந்த நெக்ஸ்ட்எரா நிறுவனத்தை ஹவாய் ஆணையம் 2016 ஜூலையில் திருப்பி அனுப்பியது. அந்த விற்பனை அத்தோடு முடிந்தது. இந்தச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர் ‘மேற்பார்வை’ என்று போட்டால், மறுக்கும் அதிகாரம் ஒன்று இருந்ததே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும். மின்கட்டணம் கட்டுகிறவருக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு அந்த அதிகாரம்தான்.

> தாய் நிறுவனத்தின் கடனிலிருந்து துணை நிறுவனத்தைப் பிரித்து வைப்பதற்கு ‘வளையவேலி’ சரிதானே?

இதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வேலி வெளியாளைத் தடுப்பது. இங்கே ஆபத்து உடைமையாளரிடமிருந்தே வருகிறது. வேலியே பயிரை மேயும் கதை. அமெரிக்க மின்துறை முதலாளி சாமுவேல் இன்சல் அடுக்கடுக்காகக் கட்டிய தாய் நிறுவனங்கள் 1932இல் சரிந்தன. 1935இல் அத்தகைய நிறுவனங்களை அடக்கத் தனிச்சட்டம் வந்தது இந்த அச்சத்தால்தான். அந்தச் சட்டத்தை 2005இல் நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு, பிரித்து வைக்கும் நிபந்தனையை இசைவாய்வின்போதே வற்புறுத்திப் பெறுவது இன்னும் முக்கியமாகிவிட்டது.

ஒரே உழவரின் இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்பு இருக்கிறது. உடைமை ஒன்றுதான், ஆனாலும் இந்த வயலின் நீர் அந்த வயலுக்கு ஓடாது. டெக்சாஸில் நடந்தது அப்படியே இதுதான். 2007இல் பெருங்கடன் வாங்கி ஒரு மின் குழுமத்தை முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். 2014இல் தாய் நிறுவனம் திவாலாயிற்று. கம்பித்தடங்களை வைத்திருந்த ஆன்கார் மட்டும் அந்தத் திவாலுக்கு வெளியே நின்றது, முன்கூட்டியே பிரித்து வைத்திருந்ததால். இதை ‘நிதி வரப்பு’ என்று சொல்லலாம். துணை நிறுவனத்திலிருந்து தாய்க்குப் பங்காதாயம் போகும் வழியை ‘மடை’ என்றால், தாய் நிறுவனத்தைச் சாராத இயக்குநர்கள் அதைத் தடுத்து நிறுத்துவதை ‘மடையடைப்பு’ என்று எழுதலாம் என்று தோன்றுகிறது. இந்தக் கடைசிச் சொல்லில் எனக்கே இன்னும் உறுதி இல்லை. இதைவிடப் பொருத்தமான வயற்சொல் உங்களிடம் இருந்தால் அதையே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்