நாலு 8 டிபி டிஸ்க்: ரெய்டு 5 போடலாமா?

ஸ்டுடியோ_ராஜா:
வணக்கம். கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். எடிட்டிங் கம்ப்யூட்டர் ரைசன், பி550 போர்டு, விண்டோஸ் 11. இதுவரை யூஎஸ்பியில் தொங்கும் டிஸ்க்குகளை வைத்தே காலம் தள்ளினேன். எந்தக் கல்யாணம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று தேடுவதே தனி வேலை. இப்போது நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) வகை 8 டிபி டிஸ்க் நாலு வாங்கியிருக்கிறேன். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) ரெய்டு என்று, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ஒரு வசதி தெரிகிறது. ரெய்டு 5 போட்டால் 24 டிபி ஒரே டிரைவாகக் கிடைக்கும், ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது என்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா, 4கே, சுமார் 500 ஜிபி வரும். ஐந்தாவது டிஸ்க் வாங்க இப்போதைக்குக் காசு இல்லை. பழைய ஐ5 கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. என்ன செய்யலாம்?

ராத்திரி_ஷிப்ட்:
தம்பி, முதலில் பயாஸில் கை வைக்காதீர்கள். பி550-இல் சாட்டா டிஸ்க்குக்கு ரெய்டு 0, 1, 10 மட்டும்தான், 5 கிடையாது. ஏஹெச்சிஐ என்ற சாதாரண சாட்டா முறையில் போட்ட விண்டோஸ், டிரைவர் ஏற்றாமல் ரெய்டு முறைக்கு மாற்றினால் எழவே எழாது. நாளைக்குப் போர்டு போனால் அதே ரகப் போர்டைத் தேடி அலையவும் வேண்டும்.

விண்டோஸில் டிஸ்க்குகளைச் சேர்க்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸிலும் பாரிட்டி உண்டு, அதாவது ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல், ரெய்டு 5-இல் இருப்பதும் அதுதான். ஆனால் கண்ட்ரோல் பேனலில் கிளிக் செய்து உருவாக்கினால் எழுதும் வேகம் பரிதாபமாக இருக்கும். பவர்ஷெல்லில், டேட்டாவை எத்தனை டிஸ்க்கில் எவ்வளவு பெரிய துண்டுகளாகப் பிரித்து எழுதுவது என்றெல்லாம் கணக்குப் பார்த்துப் போட்டால்தான் தேறும்.

அந்த ஐ5-ஐ எடுங்கள். சின்ன எஸ்எஸ்டியில் உபுண்டு லினக்ஸ், நாலு டிஸ்க்கையும் எம்டிஆட்மில் (லினக்ஸின் ரெய்டு மென்பொருள்) ரெய்டு 5, மேலே விண்டோஸுக்கு ஷேராகக் காட்ட சாம்பா. இரண்டு பக்கமும் 2.5 கிகாபிட் நெட்வொர்க் இருந்தால் விநாடிக்கு 280 எம்பி வரை வரும். உங்கள் மூன்று கேமராவும் 100 மெகாபிட் என்றால் சேர்ந்தே 37.5 எம்பிதான். தாராளம். வரிசையை (சேர்த்த டிஸ்க் கூட்டத்தை) உருவாக்கியதும் அதன் விவரத்தை எம்டிஆட்ம் கான்ஃப் ஃபைலில் சேர்த்து, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ரீபூட் ஆனதும் எம்டி0 என்று பெயர் வைத்த வரிசை எம்டி127 ஆகி நிற்கும், ஷேர் திறக்காது. அதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களே பாதிப் பேர்.

ஈரோடு_செல்வி:
அண்ணா, எப்படிப் போடுவது என்று அழகாகச் சொல்லிவிட்டீர்கள். போடலாமா என்பதுதானே கேள்வி? நாலு டிஸ்க்தான் இருக்கிறது, ஐந்தாவது வாங்கக் காசில்லை என்று ராஜா முதலிலேயே சொல்லிவிட்டார். நாலையும் ஒரே பெட்டியில் பூட்டிவிட்டால் பேக்கப் எங்கே?

ரெய்டு காப்பாற்றுவது ஒன்றிலிருந்துதான்: டிஸ்க் சாவது. கை தவறி ஃபோல்டரை அழித்தால் அழிந்ததுதான். ரேன்சம்வேர் வந்தால் நாலு டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) கெட்டு 12 வோல்ட் லைன் எகிறினால் நாலும் ஒரே நேரத்தில் போகும். விளம்பரப் படம் என்றால் திரும்ப ஷூட் செய்யலாம். தாலி கட்டுவதை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா?

என் யோசனை: உள்ளே இரண்டு டிஸ்க், மிர்ரர் (இரண்டிலும் ஒரே டேட்டா), 8 டிபி. வெளியே இரண்டு டிஸ்க், மாற்றி மாற்றி முழு பேக்கப், ஒன்று எப்போதும் வேறு வீட்டில்.

பிறகு, ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் மீதி மூன்றையும் முழுக்கப் படிக்க வேண்டும், 24 டிபி. சாதாரண டிஸ்க்கின் விவரத் தாளில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை என்று போட்டிருக்கும். அதாவது 12.5 டிபிக்கு ஒன்று. 24 டிபி பிழையே இல்லாமல் படிக்க நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்புக்கூட இல்லை.

ராத்திரி_ஷிப்ட்:
வந்துவிட்டது அந்த 12.5 டிபி கணக்கு! 2007-இலிருந்து இதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், 2009-இல் ரெய்டு 5 வேலை செய்யாமல் போகும் என்று அப்போதே கட்டுரை வந்தது. 2009 போய் எத்தனை வருடம் ஆகிறது?

அம்மா, விவரத் தாளில் இருப்பது ‘இதற்கு மேல் போகாது’ என்ற உச்சவரம்பு, சராசரி இல்லை. உபுண்டு மாதாமாதம் முதல் ஞாயிறு வரிசை முழுவதையும் படித்துச் சரிபார்க்கிறது. உங்கள் கணக்கு உண்மையானால் நாலு 8 டிபி வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டு மூன்று பிழையாவது வர வேண்டும். எங்கள் டேட்டா சென்டரில் அடுக்கடுக்காக டிஸ்க் ஓடுகிறது, பெரும்பாலான மாதம் பூஜ்யம்தான் வருகிறது. பெரிய நாஸ் டிஸ்க் பலவற்றில் 15-ஆம் அடுக்கு என்றே போடுகிறார்கள். அதை வைத்துப் போட்டால் உங்கள் பதினைந்து எண்பதைத் தாண்டிவிடும்.

டிஸ்க் சாவதைப் பார்த்தாலும் ஆன்லைன் பேக்கப் நிறுவனமான பேக்பிளேஸ் 2024-க்கு வெளியிட்ட ஆண்டுத் தோல்வி விகிதம் 1.57 சதவீதம். 8 டிபி ரீபில்ட், அதாவது போன டிஸ்க்கின் டேட்டாவைப் புது டிஸ்க்கில் திரும்ப உருவாக்குவது, சராசரி 150 எம்பி வேகத்தில் சுமார் 15 மணி நேரம். அந்த 15 மணிக்குள் இரண்டாவது டிஸ்க் போக என்ன வாய்ப்பு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஈரோடு_செல்வி:
எண்பது என்றே வைத்துக்கொள்வோம், அந்தக் கணக்கில் உங்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஆனால் 1.57-ஐ நாலு டிஸ்க்குக்கும் தனித்தனியாகப் போடுகிறீர்களே, அது சரியா? ராஜா நாலையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருப்பார். ஒரே பேட்ச், ஒரே வயது, ஒரே எஸ்எம்பிஎஸ், ஒரே சூடு. முதல் டிஸ்க்கைக் கொன்ற காரணம் இரண்டாவதைச் சும்மா விடுமா? அதுவும் ரீபில்ட் ஓடும் 15 மணி நேரமும் மீதி மூன்றும் ஓயாமல் ஓடும் நேரம்.

1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு கட்டுரை எழுதியபோது பேச்சு ஒரு பெரிய விலையுயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலாகச் சின்ன மலிவு டிஸ்க்குகளைச் சேர்த்து வேகம் எடுப்பது. பல டிஸ்க் சேர்ந்தால் ஏதாவது ஒன்று அடிக்கடி போகும், அதனால்தான் பாரிட்டி. வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் டேட்டா சென்டரில் ஒரு நிமிடம் நின்றால் போன் பறக்கும், ரெய்டு தேவை. ராஜாவுக்கு ஒரு நாள் எடிட்டிங் நின்றால் என்ன, பொண்ணு வீட்டாருக்கு ஆல்பம் ஒரு நாள் தாமதம். அவ்வளவுதான்.

பழையபேட்டை:
நடுவில் ஒரு வார்த்தை. ஒரு நாள் நின்றால் பரவாயில்லை என்று நீங்களே சொல்லும்போது மிர்ரர் எதற்கு அக்கா? ரெய்டே வேண்டாம். உள்ளே இரண்டு டிஸ்க் தனித்தனி, 16 டிபி. வெளியே இரண்டு, ராத்திரி விண்டோஸின் ரோபோகாப்பி கமாண்டில் காப்பி. அதே நாலு டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடம், பேக்கப்பும் ஆச்சு.

ஈரோடு_செல்வி:
ரோபோகாப்பியில் மிர் என்ற சுவிட்சைப் போட்டால் இங்கே அழித்தது ராத்திரியே அங்கேயும் அழியும், தம்பி. போடாவிட்டால் குப்பை சேரும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் கல்யாணம் முடிந்து நடு ராத்திரி கார்டைக் காப்பி செய்துவிட்டு, மறுநாள் காலை அதே கார்டை ஃபார்மட் செய்து அடுத்த முகூர்த்தத்துக்கு ஓடுகிற தொழில் இது. அந்தச் சில மணி நேரத்தில் டேட்டா ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். மிர்ரர் அந்த ஓட்டையை அடைக்கிறது. அதற்காகத்தான் கேட்கிறேன், மற்றபடி எனக்கும் ரெய்டு மேல் காதல் கிடையாது.

ஸ்டுடியோ_ராஜா:
அக்கா சொன்னது அப்படியே என் கதை. கார்டு எண்ணிக்கை குறைவு, மறுநாளே அழித்துவிடுவேன். ஆனால் 8 டிபியில் பதினான்கு, பதினைந்து கல்யாணம்தான் கொள்ளும். வைகாசி, ஆவணி சீசனில் தாங்குமா?

ராத்திரி_ஷிப்ட்:
தாங்காது. அதற்குத்தான் 24 டிபி என்றேன். கார்டை அழிக்கும்முன் எடிட்டிங் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, வரிசையில் ஒரு காப்பி. அதோடு முடிந்தது. சீசன் பணம் வந்ததும் வெளியே ஒரு பெரிய டிஸ்க் வாங்கட்டும்.

இன்னொன்று. டிஸ்க் மாடலைச் சொல்லுங்கள் தம்பி. நாஸ் என்று எழுதியிருந்தால் போதாது. 2020-இல் டபிள்யூடி ரெட் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்களில் எஸ்எம்ஆர் என்ற எழுதும் முறையைச் சொல்லாமல் வைத்தது வெளியே வந்து பெரிய ரகளை ஆயிற்று, பிறகுதான் வழக்கமான சிஎம்ஆர் முறை டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தப் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். சும்மா ஃபைல் போட்டு வைக்கும்போது தெரியாது, ரீபில்டில் மூச்சு வாங்கும்.

டிஸ்க் நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடி ஈஆர்சி, அதாவது படிக்க முடியாத இடத்தில் எவ்வளவு நேரம் முயலலாம் என்ற வரம்பு, இருக்கிறதா என்றும் பாருங்கள். நாஸ் டிஸ்க் கெட்ட செக்டரில் 7 விநாடி முயன்றுவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும், உடனே எம்டிஆட்ம் பாரிட்டியிலிருந்து அந்த இடத்தைச் சரிசெய்யும். டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக் கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும். அப்புறம் டிஸ்க் செத்தது என்று முடிவு கட்டி வெளியே தள்ளிவிடும். நல்ல டிஸ்க் வரிசையிலிருந்து விழுகிறது என்று வரும் புலம்பலில் பெரும்பகுதி இதுதான்.

ஸ்டுடியோ_ராஜா:
மாடலைத் தேடிப் பார்த்தேன், சிஎம்ஆர்தான். ஈஆர்சி 70 என்று காட்டுகிறது. 7 விநாடிதானே அது? கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே மழைக்காலத்தில் அடிக்கடி போகும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறது.

ராத்திரி_ஷிப்ட்:
ஆமாம், பத்தில் ஒரு விநாடிக் கணக்கு அது. இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் முறைக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண முறையில் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். இருந்தாலும் ஐ5-க்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள்.

ஈரோடு_செல்வி:
கரண்ட் பேச்சு வந்ததால் ரெய்டு 5-இன் இன்னொரு ஓட்டையையும் சொல்ல வேண்டியதுதான். டேட்டாவை எழுதி, பாரிட்டியை எழுதுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. அந்த நேரம் பார்த்து ஒரு டிஸ்க்கும் போனால், தப்பான பாரிட்டியிலிருந்து தப்பான டேட்டா உருவாகும், யாருக்கும் தெரியாது.

ராத்திரி_ஷிப்ட்:
பிபிஎல் (பாரிட்டிக்கான குறிப்புப் பதிவு) போட்டால் அடைபடும். எம்டிஆட்மில் அது ஒரு ஆப்ஷன், எழுதும் வேகம் கொஞ்சம் குறையும்.

பழையபேட்டை:
இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டால் அந்த ஓட்டையே கிடையாது. எந்த ஃபைல் கெட்டது என்று பெயரோடு சொல்லும். ரீபில்டிலும் நிரம்பிய இடத்தை மட்டும்தான் எழுதும்.

ராத்திரி_ஷிப்ட்:
கல்யாண வீடியோ எடுக்கிறவருக்கு இப்போது பூல், விடெவ், ஏஷிஃப்ட் எல்லாம் வகுப்பு எடுக்கப்போகிறீர்களா? விடுங்கள்.

ஸ்டுடியோ_ராஜா:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு டிஸ்க் மிர்ரராகவே போடுகிறேன், ஆனால் ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் வேண்டாம், ஐ5-இல் எம்டிஆட்மில். மீதி இரண்டும் பேக்கப், ஒன்று மாமா வீட்டில். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, அப்போது டெலிவரி கொடுத்ததையெல்லாம் கழித்துவிடலாம்.

ராத்திரி_ஷிப்ட்:
எனக்கு இன்னும் சம்மதம் இல்லை, ஒரு சீசனிலேயே இடம் போதவில்லை என்று வந்து நிற்பீர்கள். ஆனால் எம்டிஆட்மில் போட்டது நல்லது. இரண்டு டிஸ்க் மிர்ரரை அப்படியே ரெய்டு 5 ஆக்கி, பிறகு டிஸ்க் சேர்த்து வளர்க்கலாம். ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் போட்டிருந்தால் அழித்துத்தான் மாற்ற வேண்டும்.

ஈரோடு_செல்வி:
அப்படியானால் பேக்கப்பில் இருக்கிற இரண்டையும் பிடுங்கிச் சேர்க்கச் சொல்வீர்கள், தெரியும்.

ராஜா, டேட்டா ஏற்றும்முன் ஒரு வேலை. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பர் கடைசி நாலு எழுத்தையும் ஸ்டிக்கரில் எழுதி, கேபிள் செருகும் பக்கம் ஒட்டுங்கள். அவசரத்தில் எல்லோரும் கெட்டதை விட்டுவிட்டு நல்லதைக் கழற்றுவார்கள். அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி ஆன் செய்து பாருங்கள். அது எழுகிறதா, ஷேர் திறக்கிறதா, நிலையைக் காட்டும் வரியில் இரண்டு யூ-வில் ஒன்று அடிக்கோடாக மாறுகிறதா? பிறகு திரும்பச் சேர்த்து ரீபில்ட் ஓட விடுங்கள்.

ஸ்டுடியோ_ராஜா:
செய்தேன். அடிக்கோடு வந்தது, ஷேரும் திறந்தது. டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்தேன், பல மணி நேரம் என்றீர்கள், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஏதாவது தப்பா?

ராத்திரி_ஷிப்ட்:
தப்பில்லை. பெரிய வரிசைக்கு எம்டிஆட்ம் தானாகவே பிட்மேப் வைக்கும், டிஸ்க் வெளியே இருந்தபோது எந்தெந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு. அதே டிஸ்க் திரும்பி வந்ததால் மாறியதை மட்டும் எழுதியது. புது டிஸ்க் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, அதே டிஸ்க்கை வரிசையிலிருந்து நீக்கி, அதில் எம்டிஆட்ம் எழுதிய அடையாளக் குறிப்பான சூப்பர்பிளாக்கை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். அப்போது முழுசாக ஓடும். அழிக்கும்முன் ஸ்டிக்கரை ஒருமுறை பாருங்கள், ஈரோடு அம்மா சொன்னது அதில் மட்டும் சரி.

ஈரோடு_செல்வி:
அதில் மட்டுமா!