பாய்மர ஆய்வுக் கப்பலில் மாணவர்களின் நாள் எப்படிக் கழிகிறது?

நெய்தல் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் இயங்கும் சீ எஜுகேஷன் அசோசியேஷன் நடத்தும் கடற்பயணப் படிப்பைப் பற்றி அறிய விரும்புகிறேன். நான் உயிரியல் மாணவி. கப்பலில் ஏறியதே இல்லை. மாணவர்களே பாய்களை ஏற்றி இறக்க வேண்டும் என்றும், இரவிலும் பணி உண்டு என்றும் கேள்விப்பட்டேன். அப்படியானால் ஆய்வுக்கும் உறக்கத்துக்கும் நேரம் எப்படிக் கிடைக்கிறது?

திமில்:
அச்சங்கத்தின் கார்வித் கிரேமர் என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலில் வட அட்லாண்டிக்கிலுள்ள சர்காசோ கடல் வழியே சென்றவன் என்ற முறையில் கூறுகிறேன். பகலில் வேலை, இரவில் உறக்கம் என்ற கணக்கைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். மாணவர்கள் மூன்று குழுக்களாக இருப்பார்கள். நாளோ ஐந்து வாட்சுகளாக, அதாவது பணிமுறைகளாக, பிரிந்திருக்கும். காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை ஆறு மணி நேர வாட்சுகள் இரண்டு. பிறகு இரவு 11, அதிகாலை 3, காலை 7 மணிக்கு முடியும் நான்கு மணி நேர வாட்சுகள் மூன்று. ஐந்தை மூன்று குழுக்கள் பகிர்ந்துகொள்வதால் உங்கள் முறை நாள்தோறும் நகர்ந்து, மூன்று நாளில் ஐந்தையும் முடித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இடையில் எட்டு மணி நேரமாவது கிடைக்கும் என்றாலும், வகுப்பும் உணவும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

வாட்சில் ஒருவர் சுக்கான் பிடிப்பார். ஒருவர் கப்பலின் முன்முனையான அணியத்தில் நின்று கண்காணிப்பார். ஒருவர் மணிக்கொரு முறை எஞ்சின் அறை உட்படக் கப்பல் முழுவதையும் சுற்றிப் பார்ப்பார். சிலர் ஆய்வகத்தில் இருப்பார்கள். ஆய்வும் வாட்சின் ஒரு பகுதிதான் என்பதால், அதற்கென்று பெரும்பாலும் தனி நேரம் தேட வேண்டியதில்லை.

நெய்தல்:
மிக்க நன்றி. ஆய்வகத்தில் மாணவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? மாதிரி எடுத்துக் கொடுப்பதோடு முடிந்துவிடுமா?

கடற்பாசி:
முடியாது. நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி நியூஸ்டன் வலையை இழுப்போம். ஒரு மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் உள்ள வாயைக் கொண்ட அந்த வலை, ஏறத்தாழ இரண்டு நாட் (மணிக்கு இரண்டு கடல்மைல்) வேகத்தில் அரை மணி நேரம் நீர்மட்டத்தை உரசியபடி வரும். தூக்கியதும் சர்காசம் பாசியை அலசி எடுத்து, பிளாஸ்டிக் துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணி, அதன்பின் நுண்ணோக்கியில் நீரோட்டத்தில் மிதந்து திரியும் சிறு விலங்குகளான விலங்கு மிதவையுயிரிகளில் நூற்றை வகை பிரித்துக் குறிக்க வேண்டும். கப்பல் சாயும்போதெல்லாம் தட்டிலுள்ள நீர் ஓரத்துக்கு ஓடிவிடும். எண்ணிக்கொண்டிருந்த இறால் குஞ்சும் அதனுடன் போய்விடும். நள்ளிரவு வலை எனக்கு மிகவும் பிடித்தது. பகலில் ஆழத்தில் தங்கி இரவில் மேலேறும், உடலில் ஒளிரும் புள்ளிகள் கொண்ட சிறு மீன்கள் அதில்தான் அகப்படும்.

அந்தக் கணக்கு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. 1986 முதல் 2008 வரை இச்சங்கத்தின் கப்பல்களில் மாணவர்கள் இழுத்த 6,000-க்கும் மேற்பட்ட வலைகளின் பதிவுகளே, வட அட்லாண்டிக்கில் பிளாஸ்டிக் எங்கே குவிகிறது என்பதைக் காட்டி 2010-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வுக்கு அடிப்படையாக அமைந்தன. ஆகவே பின்னிரவில் கண் சொருகினாலும் எண்ணிக்கையைத் தோராயமாக எழுதிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திமில்:
கடற்பாசி கூறியதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆழ்நீர் மாதிரி எடுக்கக் கப்பலை நிறுத்துவதும் பாய்களைக் கொண்டுதான். சில பாய்கள் முன்னே தள்ள, திருப்பி வைத்த மற்றவை பின்னே தள்ள, கப்பல் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். அப்போதுதான் உப்புத்தன்மையும் வெப்பநிலையும் அளக்கும் கருவி நீர்ப்புட்டிகளுடன் கம்பிவடத்தில் இறங்கும். பயணத்தின் இறுதிக் கட்டத்தில் அதிகாரியின் மேற்பார்வையில் மாணவர் ஒருவரே வாட்சை நடத்துவார். எந்தப் பாயை எப்போது இறக்குவது என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கயிறுகளின் பெயரையும் இடத்தையும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இருட்டில் அவற்றைக் கையால் தடவியே கண்டுபிடிக்க வேண்டும்.