"மரம் செத்துப்போச்சா?" என்று கேட்கிறாள்: இலையுதிர்காலத்தில் பிள்ளையோடு என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்?

வெண்பனி:

எல்லோருக்கும் வணக்கம். குளிர்நாட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு இது முதல் இலையுதிர்காலம். மகளுக்கு எட்டு வயது. ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய மரம். விரித்த கை மாதிரி, ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள். ஜூன் மாதம் நாங்கள் வந்து இறங்கியபோது அதன் நிழலில் ஒரு துளி வெயில் விழாது. போன மாதமே ஓரங்கள் காய ஆரம்பித்தன. இப்போது பாதி மரம் காலி.

நேற்றுக் காலை மகள் அடிமரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது செத்துப்போச்சா?" என்று கேட்டாள். "இல்லடா, மறுபடி துளிர்க்கும்" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்திருக்கியா?" என்றாள். நான் பார்த்ததில்லை. படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அவளுக்கு அது போதவில்லை. சாயங்காலம் மறுபடி போய் நின்றாள்.

எனக்கு வேண்டியது இதுதான். மரம் உயிரோடு இருக்கிறது என்று அவள் தன் கண்ணால் பார்த்து நம்பும்படி ஏதாவது உண்டா? அப்புறம், ஜூன், ஜூலையில் பத்து மணி வரை வெளிச்சம் இருந்தது, இப்போது ஏழு மணிக்கே இருட்டிவிடுகிறது. அந்த நேரத்துக்கு வீட்டுக்குள் அவளோடு செய்ய ஏதாவது சொல்லுங்கள். பூசணிக்காய் செதுக்குவது, வேடம் போடுவது எல்லாம் பள்ளியிலேயே நடக்கிறது. வேறு விஷயங்கள் வேண்டும். வீட்டுப் பக்கம் கவனிக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பச்சையம்:

அம்மா, உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. இருபத்தாறு வருஷம் தாவரவியல் நடத்தியிருக்கிறேன், இதைவிட நேரான கேள்வியை அதிகம் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அவளிடம் இதைச் சொல்லுங்கள்: செத்த கிளை இலையை உதிர்க்காது. இலையைக் கழற்றுவது மரம் செய்கிற வேலை, அதற்கு உயிர் வேண்டும். பகல் குறுகுவதையும் குளிர் ஏறுவதையும் மரம் உணர்கிறது. இலையில் இருக்கும் நைட்ரஜன் மாதிரியான சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய செல்வரிசை உருவாகி, காம்பைத் தளர்த்திவிடுகிறது. அதற்கு அடியில் தக்கை மாதிரி ஒரு படலம் வந்து காயத்தை மூடுகிறது. அதன் பிறகு சின்னக் காற்று போதும்.

இதை அவள் நம்ப வேண்டுமே! பூங்காவுக்குக் கூட்டிப்போய், கோடைக் காற்றில் முறிந்து தொங்கும் கிளை ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். அதில் இலைகள் பழுப்பாகக் காய்ந்து சுருண்டு, இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் காம்பு கிழியும், கழன்று வராது. அந்த இலைகளைக் கழற்றிவிட அந்தக் கிளைக்கு உயிர் இல்லை. பக்கத்தில் உயிருள்ள கிளையின் பழுத்த இலையைத் தொட்டால் கையோடு வந்துவிடும். இரண்டையும் அவளே செய்து பார்க்கட்டும். ஓக், பீச் மரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் சில, உயிரோடு இருந்தாலும் காய்ந்த இலைகளை வசந்தம் வரை வைத்திருக்கும். பிள்ளை குழம்பிவிடுவாள்.

இப்போது உங்கள் மரம். நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் ஹார்ஸ் செஸ்ட்நட்டாகத்தான் இருக்க வேண்டும். அடியில் முள்ளுள்ள பச்சைத் தோலும், பளபளவென்று தேய்த்த மரம் போன்ற பழுப்புக் கொட்டையும் கிடந்தால் சந்தேகமே இல்லை. அப்படியென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, இலை விழுந்த இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு தழும்பு இருக்கும், அச்சு அசலாகக் குதிரை லாடம் போலவே. லாடத்தில் ஆணி அடித்த மாதிரி வரிசையாகச் சின்னப் புள்ளிகள், பெரும்பாலும் ஏழு. அவை இலைக்குத் தண்ணீர் போய்வந்த குழாய்களின் வாய்கள், இப்போது மூடப்பட்டிருக்கின்றன. விழுந்த இலையின் காம்பைப் புரட்டினால் அதன் அடியிலும் அதே புள்ளிகள். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் பொருந்தும்.

அந்தத் தழும்புக்கு நேர் மேலே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷத்துத் துளிர்மொட்டு ஏற்கனவே உட்கார்ந்திருக்கும். கிளை நுனியில் இருப்பது பெரியது, பழுப்பாக, பிசின் பூசியது போல விரலில் ஒட்டும். வசந்தத்தில் வரப்போகும் இலைகள் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. "நீ பார்த்திருக்கியா" என்றாளே, இனிமேல் அவளே பார்த்தவள். அடிமரத்தைத் தொட்டால் எதுவும் தெரியாது. மெல்லிய கொம்பை நகத்தால் லேசாகச் சுரண்டினால் போதும், தோலுக்கு அடியில் பச்சை தெரியும். ஒரே ஒரு இடத்தில் சுரண்டுங்கள், மரத்துக்கு அதுவும் காயம்தான்.

சாயங்காலத்துக்கு ஒரு வேலை. பச்சை இலைகள் ஐந்தாறைப் பொடியாகக் கிழித்து ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் தேய்க்கும் ஆல்கஹாலை மூழ்கும் அளவு ஊற்றி, கரண்டிக் காம்பால் நசுக்குங்கள். மேலே மூடி, குழாயில் வரும் சுடுதண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும், ஊற்றும் வேலை உங்களுடையது. திரவம் கரும்பச்சையானதும், காபி வடிதாளை விரல் அகலத்துக்கு வெட்டி, நுனி மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறம் தாளில் ஏறும். பச்சை ஒரு பட்டையாக நிற்க, தனியாக ஒரு மஞ்சள் கோடு தெரியும். இலை பச்சையாக இருக்கும்போதே அந்த மஞ்சள் அதற்குள் இருந்தது. கோடை முழுக்கப் பச்சையம் என்ற பச்சை நிறமி அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். பச்சையம் சிதைந்ததும் மஞ்சள் வெளியே வருகிறது.

சிவப்பு அப்படியல்ல. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பெரும்பாலான மரங்கள் இலையுதிர்காலத்தில்தான் புதிதாகச் செய்கின்றன, இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்று நாலைந்து நாள் சேர்ந்து வந்தால் மேப்பிள் இலைகள் கொள்ளை அழகாக இருக்கும். அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

ஆற்றங்கரை:

பச்சையம் அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவள். காலையில் வீட்டுக்கு வந்து தூங்கும் முன்னால் கரடி பார்ப்பேன். ஏழு வருஷமாக இலையுதிர்காலம் என்றால் எனக்கு இதுதான், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அலாஸ்காவில் கட்மாய் தேசியப் பூங்கா. அங்கே புரூக்ஸ் ஆற்றில் ஓர் ஆள் உயரத்துக்குச் சின்ன அருவி. கடலிலிருந்து சாக்கை சால்மன் மீன்கள் அதைத் தாண்டிக் குதித்துப் போகும், பழுப்புக் கரடிகள் அங்கேயே நின்று பிடிக்கும். இதை நேரலைக் கேமராவில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்தில் 'ஃபேட் பேர் வீக்' (கொழுத்த கரடி வாரம்) என்று ஒரு வாரம் வாக்கெடுப்பு நடக்கும். ஒரு கரடிக்கு எதிராக இன்னொன்று. ஜூலையில் எடுத்த படமும் இப்போதைய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நன்றாகக் கொழுத்தது யார் என்று நாம் இணையத்தில் வாக்களிக்க வேண்டும். 2014-ல் ஒரே ஒரு நாள் நிகழ்ச்சியாகத் தொடங்கியது, அடுத்த வருஷமே வாரமாகிவிட்டது. இப்போது பத்து லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுகிறது.

கொழுப்பு அந்தக் கரடிகளுக்கு உயிர்ப்பிரச்சினை. குளிர்காலம் முழுக்கக் குகைக்குள் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கரைந்துவிடும். பெரிய ஆண் கரடி இந்தச் சமயத்தில் 450 கிலோவைத் தாண்டும். மீன் நிறைய இருக்கும்போது முழு மீனையும் தின்னாது. தோல், மூளை, முட்டை, கொழுப்புள்ள இடம் மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும், அதைக் கடற்பறவைகள் கொத்திக்கொண்டு போகும். பெண் கரடிக்கு இன்னொரு விஷயம். கோடைத் தொடக்கத்திலேயே இணை சேர்ந்தாலும் கரு உடனே வளராது. குளிர்காலத்துக்கு முன் உடம்பில் போதுமான கொழுப்பு இருந்தால்தான் கருப்பையில் ஒட்டி வளரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, குட்டியோடு வரும் ஒவ்வொரு தாயையும் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

என் மனசுக்குப் பிடித்தது 480 என்ற எண்ணுள்ள ஓட்டிஸ். வயதானது, பல் சில போய்விட்டன. மற்ற கரடிகள் ஓடி, பாய்ந்து, சண்டை போட்டு மீன் பிடிக்கும். ஓட்டிஸ் அருவிக்குக் கீழே தன் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். தலை குனிந்திருக்கும், தூங்குகிறதோ என்று தோன்றும். திடீரென்று முகம் தண்ணீருக்குள் போய் மீனோடு வெளியே வரும். 2021-ல் அது தாமதமாக, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த வருஷம் அதுதான் ஜெயித்தது, நான்காவது தடவை. 2024-ல் அது ஆற்றுக்கு வரவில்லை. அதன் இடத்தை இப்போதும் என் கண் தேடும்.

வெண்பனி, மகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு கரடியைத் தேர்ந்தெடுத்து ஜூலைப் படத்தையும் இப்போதைய படத்தையும் வரையட்டும். ஆனால் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். அது நிஜ ஆறு. 2024-ல் வாக்கெடுப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கரடி இன்னொன்றைக் கொன்றது நேரலையில் அப்படியே வந்தது.

மண்வெட்டி:

கவனிக்க வேண்டியவை கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மழையில் நனைந்த இலைக்கம்பளம் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும், வாசல் படிக்கட்டைத் தினமும் பெருக்குங்கள். கூரைத் தண்ணீர் வடியும் குழாயையும் தெருவோரச் சாக்கடைக் கம்பியையும் இலை அடைத்துக்கொள்ளும். கார் இருந்தால் டயர் காற்றைப் பாருங்கள். 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குளிர் கூடினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். ஹீட்டரை முதல் தடவை போடும் முன் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அள்ளின இலையை எரிக்காதீர்கள். ஈர இலையைக் கறுப்புப் பையில் போட்டு நாலு ஓட்டை குத்தி மூலையில் வைத்தால், ஒன்றிரண்டு வருஷத்தில் காட்டு மண் வாசனையோடு நல்ல உரம். புதருக்கு அடியில் கிடப்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், பூச்சிகள் அதற்குள்தான் குளிரைக் கழிக்கும்.

பச்சையம் அம்மா சொன்ன அந்தப் பழுப்புக் கொட்டையைப் பற்றி ஒன்று. தின்னவே கூடாது, விஷம். ஆனால் விளையாடலாம். நடுவில் ஓட்டை போட்டு நூலில் கோத்து, ஒருவர் தொங்கவிட இன்னொருவர் தன்னுடையதை வீசி அடிக்க வேண்டும். எது உடையாமல் நிற்கிறதோ அது ஜெயித்தது. இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயரில் இதற்கு உலகச் சாம்பியன்ஷிப்பே அக்டோபரில் நடக்கிறது. 1965-ல் மீன்பிடிக்கப் போக இருந்தவர்கள் வானிலை கெட்டுப் போக முடியாமல், அதற்குப் பதிலாக இதை விளையாடியதில் தொடங்கியது. வீட்டில் விளையாடும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிடுங்கள்.

முழுநிலா:

இருட்டு சீக்கிரம் வருவதை நஷ்டமாக நினைக்க வேண்டாம், எட்டு வயதுப் பிள்ளைக்கு வானம் கிடைக்கிற காலம் இது. சாதாரணமாக நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தாமதமாக எழும். வட நாடுகளில் இலையுதிர்காலப் பௌர்ணமியை ஒட்டி மட்டும் அந்த இடைவெளி அரை மணி நேரம் போலக் குறைந்துவிடும். அதனால் மூன்று, நான்கு நாள் தொடர்ந்து பொழுது சாய்ந்த கையோடு பெரிய நிலா வரும். காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அடிவானத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது சட்டென்று சின்னதாகிவிடும். பெரிதாகக் காட்டியது நம் கண்ணும் மூளையும்தான். உச்சிக்கு வந்த பிறகு அதே குழாயில் பார்த்தாலும் அளவு மாறாது.

வெண்பனி:

எல்லோருக்கும் நன்றி. இன்று மழை விட்டதும் போனோம். குடைக்கம்பியால் ஒரு கிளையை வளைத்துப் பிடித்தேன். லாடம் இருந்தது! ஆணிகளை எண்ணினாள், ஏழு. கீழே கிடந்த காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தி, நாலாவதோ ஐந்தாவதோ சரியாக உட்கார்ந்ததும் கத்தியே விட்டாள். நுனி மொட்டைத் தொட்டுவிட்டு, வீடு வரும் வரை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி ஒட்டிப் பிரித்துக்கொண்டே வந்தாள்.

பச்சையம் அம்மாவுக்கு அவள் ஒரு கேள்வி அனுப்பச் சொன்னாள். அந்த மொட்டுக்குள் எத்தனை இலை இருக்கும் என்று வெட்டிப் பார்க்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா?

பச்சையம்:

உண்டு கண்ணம்மா. ஜனவரி கடைசியில், காற்றில் விழுந்த கிளையில் மொட்டுள்ள கொம்பாகப் பார்த்து ஒன்றை எடுத்து வா. அடியைச் சாய்வாக வெட்டி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் ஜன்னலோரம் வை. மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்று. சில வாரத்தில் பிசின் செதில்கள் பிரிந்து, மடக்கின கை மாதிரி இலைகள் வெளியே வரும். அப்போது எண்ணி எனக்கு எழுது.