10 ஏக்கருக்குக் குறைவாகப் பிரிக்கக் கூடாதாம், கூட்டத்தில் என்ன பேசுவது?

மேட்டுவயல் கேட்டது:

எங்கள் உள்ளாட்சி மன்றம் புதிய நிலப் பயன்பாட்டு விதிகளின் வரைவை வெளியிட்டிருக்கிறது. வேளாண் மண்டலத்தில் இனி எந்த நிலத்தையும் 10 ஏக்கருக்குக் குறைந்த துண்டாகப் பிரிக்க முடியாது. அப்பாவுக்கு இருப்பதே 12 ஏக்கர். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஆறு என்பதுதான் வீட்டில் இத்தனை வருடப் பேச்சு. நான் அப்பாவோடு பயிர் செய்கிறேன். தம்பி விவசாயத்தை விட்டுவிட்டான், தன் பங்கில் வீடு கட்ட நினைக்கிறான்.

விதியை அடியோடு எதிர்க்கவும் மனம் வரவில்லை. தெற்கே இருந்த நிலம் மனைகளானபோது வடிகாலைத் தூர்த்து வாசல் போட்டார்கள். இப்போது மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கள் வயலில்தான் நிற்கிறது. ஆனால் அப்பாவின் சேமிப்பு என்றால் அது இந்த நிலம் மட்டும்தான். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் தருகிறார்கள். எதைப் பேசினால் பயன் இருக்கும்?

பழைய உறுப்பினர்:

இப்படிக் கருத்துக் கேட்டு விதிகளை முடிவு செய்யும் ஒரு குழுவில் ஆறு வருடம் இருந்திருக்கிறேன். "எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று பேசியவர்களை நினைத்து வருந்தியிருக்கிறேன், ஆனால் அதைத் தீர்மானத்தில் எப்படி எழுதுவது? விதி எண்ணைச் சொல்லி, எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று கேட்டவர்களின் பேச்சுதான் கடைசிவரை போனது.

ஏற்கெனவே இருக்கும் வீடும் பயன்பாடும் தொடரலாம் என்று வரைவில் இருக்கும். அதோடு விடாதீர்கள். வீடு தீப்பிடித்தால் திரும்பக் கட்டலாமா, ஒரு வருடம் நிலத்தைத் தரிசாக விட்டால் அந்த விலக்கு போய்விடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் தொகுப்பு முறையைக் கேளுங்கள்: வீடுகளை ஒரு மூலையில் நெருக்கிக் கட்டிக்கொண்டு, மீதியை நிரந்தரமாக விளைநிலமாகவே வைப்பதாக எழுதிக் கொடுப்பது. உங்கள் தம்பிக்கு வேண்டியது வீடுதானே, ஆறு ஏக்கர் இல்லையே.

வேலியோரம்:

மூன்று பக்கமும் வீடுகள் வந்த பிறகும் பயிர் செய்கிறவன் நான். எரு கொட்டினால் புகார், இரவில் அறுவடை இயந்திரம் ஓடினால் புகார். மருந்து அவர்கள் பக்கம் போகக் கூடாது என்று வேலியிலிருந்து நான்கு வரிசை விட்டுத்தான் அடிக்கிறேன். அந்த நான்கு வரிசையில் பூச்சி தங்கி உள்ளே வருகிறது. வந்தவர்களுக்காக என் நிலத்தை நான் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இடைவெளி விடும் பொறுப்பு புதிதாக வீடு கட்டுகிறவருடையது என்று விதியில் வர வேண்டும். தயவுசெய்து இதைக் கேளுங்கள்.

நில அளவு:

10 என்ற எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஓரிகன் 1973-ல் மாநிலம் முழுவதற்கும் நிலப் பயன்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே வேளாண் மண்டலத்தில் புதிதாகப் பிரிக்கும் துண்டு பொதுவாக 80 ஏக்கருக்குக் குறையக் கூடாது, மேய்ச்சல் நிலம் என்றால் 160. விவசாயம் தொடர்ந்து நடக்கிற அளவு என்பது அந்தக் கணக்கு. எண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு கணக்கு இல்லையென்றால், 10 ஏக்கர் துண்டு வசதியானவரின் வீட்டைச் சுற்றிய புல்வெளியாகத்தான் முடியும்.

அப்பாவின் கவலையும் நியாயமானது. அதே ஓரிகனில் 2004-ல், விதியால் நிலமதிப்பு குறைந்தவருக்கு இழப்பீடு கொடு, முடியாவிட்டால் விதியைத் தளர்த்து என்று மக்கள் வாக்களித்தார்கள். கோரிக்கைகள் குவிந்தன. 2007-ல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பாலும் சில வீடுகளுக்கு மட்டும் அனுமதி என்று சுருக்கினார்கள்.

மேட்டுவயல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வரைவின் மண்டல வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே போகிற கோடு எங்கள் நிலத்துக்குள்ளேயே வருகிறது. கிணறு குடியிருப்பு மண்டலத்தில், அது பாய்ச்சும் வயல் வேளாண் மண்டலத்தில்! அப்பா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பழைய வண்டிப்பாதைம்மா, இப்போது அங்கே பாதையே இல்லை" என்றார். எல்லையை வடிகாலை ஒட்டி மாற்றச் சொல்லி இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சாலையோரம் அரை ஏக்கர் பாறை மேடு இருக்கிறது, எதுவும் விளையாது. அங்கே வீடு கட்டிக்கொள்ளத் தம்பி சம்மதித்துவிட்டான். அதனால் தொகுப்பு முறையைத்தான் முதலில் பேசப் போகிறேன், அப்புறம் வீடு கட்டுகிறவர் விட வேண்டிய இடைவெளி. அப்பா பேச மாட்டாராம். வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன் என்கிறார்.