"சர்க்கரை நோய் 90 நாளில் குணமாகும்" விளம்பரம்: எங்கே புகார் கொடுப்பது?

தென்றல்77:
உள்ளூர் கேபிள் சேனலிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரு மூலிகைப் பொடி விளம்பரம் ஓடுகிறது. "90 நாளில் சர்க்கரை நோய் நிரந்தரமாகக் குணமாகும், மாத்திரையே வேண்டாம்" என்று ஒரு நடிகர் தமிழில் சொல்கிறார். பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு ஆங்கில வரி. அந்த வரி இருந்தால் தப்பித்துவிடுவார்களா? யாரிடம் புகார் செய்வது?

நுகர்வோர் தோழன்:
தப்பிக்க முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, இது போன்ற பொறுப்புத் துறப்பு வரி விளம்பரம் பேசும் அதே மொழியில் இருக்க வேண்டும். மேலே சொன்னதற்கு முரணாகவும் இருக்கக் கூடாது. இங்கே இரண்டுமே மீறல்.

ஆஸ்கி எனப்படும் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலுக்கு இணையத்திலோ வாட்ஸ்அப்பிலோ இலவசமாகப் புகார் அனுப்பலாம். சொன்னதற்கு ஆதாரம் காட்ட வேண்டியது விளம்பரதாரர்தான், நீங்கள் அல்ல. ஆனால் ஆஸ்கி 1985-ல் விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட அமைப்பு. விளம்பரத்தை மாற்று, நிறுத்து என்று சொல்லும். அபராதம் போடாது, பணமும் வாங்கித் தராது.

மருந்தியல் மாணவி:
சர்க்கரை நோய் என்பதால் உங்களுக்கு இன்னும் வலுவான வழி இருக்கிறது. 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் அந்த நோய் உள்ளது. அட்டவணை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். அது வேலை செய்கிறதா இல்லையா என்ற வாதத்துக்கே போக வேண்டாம். பலர் புகாரில் "பொய் சொல்கிறார்கள்" என்று பக்கம் பக்கமாக எழுதி, இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருந்து உற்பத்தி உரிம எண் இருந்தால் மாநில மருந்து உரிம அதிகாரியிடம் போங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் மட்டும் இருந்தால் சட்டப்படி அது உணவு. உணவு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லவே கூடாது. அப்போது மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

நுகர்வோர் தோழன்:
இதோடு கலெக்டருக்கும் ஒரு மனு கொடுங்கள், திங்கட்கிழமை குறைதீர் நாளிலேயே கொடுக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 17-ம் பிரிவுப்படி தவறான விளம்பரப் புகாரை அவரிடம் தரலாம். கேபிள் டிவி சட்டத்திலும் அவருக்கு அதிகாரம் உண்டு. நடிகரையும் மனுவில் சேருங்கள். உண்மையா என்று விசாரிக்காமல் நடித்திருந்தால் மத்திய ஆணையம் முதல் முறை 10 லட்சம் வரை அபராதமும், ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடையும் விதிக்கலாம்.

ஆதாரம்தான் பெரும்பாலும் சொதப்பும் இடம். ஸ்கிரீன்ஷாட் போதாது; அந்தப் பொடி எழுத்து வரி தெரியும்படி முழு வீடியோவையும் பதிவு செய்யுங்கள். சேனல் பெயர், தேதி, நேரம் குறியுங்கள். ஃபேஸ்புக் விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய மெட்டா விளம்பர நூலகத்தில் (Ad Library) இந்த விளம்பரத்தைத் தேடி அதன் அடையாள எண்ணை இன்றே எடுத்து வையுங்கள். வணிக விளம்பரத்தை நிறுத்தியதும் அது அங்கிருந்து மறைந்துவிடும்.

தென்றல்77:
மிக்க நன்றி. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

மருந்தியல் மாணவி:
அதற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லும் டப்பாவும் பத்திரம். அதைவிட அவசரம், அவர்கள் மாத்திரையை நிறுத்தியிருந்தால் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.