மறு: ‘ப்ளூம்’ – தாள்நனைப்பு, தூள்நனைப்பு, உப்பல்

> கோப்பித்தூளில் முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டு நிறுத்துவதைப் ‘பூத்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? அழகாகவும் இருக்கிறது.

வணக்கம் தம்பி,

கோப்பி வடிப்பதற்கான நம் கலைச்சொல் பட்டியலில் ‘ப்ளூம்’ (bloom) என்பதற்குத்தான் இந்தச் சொல்லைக் கேட்கிறீர்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே மலையகத்தில் லயத்து வீட்டுக்குப் பின்னாலேயே கோப்பிச் செடி நிற்கிறது. பூத்து ஏழெட்டு மாதத்தில் பழம் பறிக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, பூத்து 40 விநாடியில் மிச்சத் தண்ணீரை ஊற்றுங்கள் என்று அடுத்த பக்கத்தில் எழுத முடியுமா? செடி வளர்ப்பவரும் கோப்பி வடிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடிய ஊருக்கு அந்தச் சொல் ஒத்துவராது.

அதைவிடப் பெரிய சங்கடம், ‘ப்ளூம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பது. 15 கிராம் தூளுக்கு அதன் இருமடங்கு, அதாவது 30 கிராம் வெந்நீர் விட்டு, 30 முதல் 45 விநாடி வரை பொறுக்கிறோம். இது நாம் செய்வது. வறுக்கும்போது கொட்டைக்குள் உண்டாகி அடைபட்டுக் கிடந்த காபனீரொட்சைட்டு அப்போது குமிழிகளாகக் கிளம்பித் தூளை மேலே தூக்குகிறது. இது தூள் செய்வது. முன்னது எப்போதும் நடக்கும். பின்னது நடக்காமலும் போகும். அரைத்து நாள்பட்ட தூளில் எவ்வளவு பக்குவமாக ஊற்றினாலும் அது சேறாகக் கிடக்குமே தவிர எழும்பாது. வாயு ஏற்கெனவே போய்விட்டது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும் என்பது என் கட்சி.

செயலுக்கு ‘முதல் நனைப்பு’ என்று ஹட்டன் தங்கச்சி சொன்னது நன்றாக இருந்தது. ஆனால் அதற்கு முன்பே வடிதாளை வெந்நீரால் நனைக்கிறோமே, கடதாசி வாடை போவதற்கும் தாள் வைக்கும் கூம்பு சூடேறுவதற்கும்? உண்மையில் முதல் நனைப்பு அதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல் தானாகவே வருகிறது: தாள்நனைப்பு, தூள்நனைப்பு. விளக்கவுரை தேவைப்படாது, வரிசையும் மனதில் நிற்கும். ‘ஊறவைத்தல்’ வேண்டாம். உளுந்து ஊறுகிற நேரம்தான் நினைவுக்கு வரும்.

நிகழ்வுக்கு ‘உப்பல்’. உப்போடு குழம்பும் என்று பேராதனை அண்ணா பயப்படுகிறார். எண்ணெயில் பூரி உப்புகிறது என்றால் யாரும் உப்புப் போத்தலைத் தேடுவதில்லை. தூளும் அப்படித்தான் மேடு கட்டுகிறது. ‘புடைப்பு’ என்றால் இங்கே கையில் சுளகு வந்துவிடும். பொருள் நுட்பம் என்று பார்த்தால் ‘பொருமல்’தான் எல்லாவற்றையும் விடப் பொருத்தம், உள்ளே வாயு சேர்ந்து வீங்குவது. ஆனால் ஓமத்தண்ணீர் விளம்பரம் மாதிரி இருக்கிறது, குடிக்கத் தோன்றாது.

சொல் பயன்படுகிறதா என்று ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்க்கலாம்: “தூள்நனைப்புச் சரியாகத்தான் செய்தேன், உப்பல் வரவில்லை, தூளை மாற்ற வேண்டும்.” ஒரே சொல்லை வைத்து இதை எழுதிப் பாருங்கள், தடுமாறும்.

அப்புறம், வரைவில் “கொதித்தாறிய நீரை ஊற்றவும்” என்று இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். நம் நாட்டில் கொதித்தாறிய நீர் என்றால் நோயாளிக்கும் குழந்தைக்கும் குடிக்கக் கொடுக்கிற தண்ணீர், முழுக்க ஆறியது. அதில் கோப்பி வடித்தால் ஒன்றும் இறங்காது. ‘கொதி அடங்கிய நீர்’ என்று எழுதலாம். அதுவும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. வழக்கமாகச் சொல்கிற அளவு 90 முதல் 96 பாகை செல்சியஸ். கண்டியில் தண்ணீர் 98 பாகை அளவில் கொதிக்கும், சற்றுப் பொறுக்கத்தான் வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே கொதிநிலையே ஏறக்குறைய 94தான், கேத்தலை இறக்கியதும் ஊற்றலாம். ஆறவிட்டால், அதுவும் அந்தக் குளிரில், புளிப்பு மட்டும் முன்னால் வந்து இனிப்புப் பின்தங்கிவிடும். எனவே வரையறையில் வெப்பநிலையை எண்ணாகவே கொடுப்போம்.

தலைச்சொல் ‘கோப்பி’யாகவே இருக்கட்டும், ‘காப்பி’க்குப் பார்க்கவும் என்று ஒரு வரி போதும். நம் மூதாதையர் இந்த மலைக்கு வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1869இல் இலைத்துரு நோய் வந்து தோட்டங்கள் அழிந்த பிறகும் சொல் மட்டும் நம்மிடம் அப்படியே இருக்கிறது.

மிச்சம் இருப்பது ‘எக்ஸ்ட்ராக்ஷன்’, அதாவது தூளின் சுவை தண்ணீரில் இறங்குவது. பாடப்புத்தகத்துப் ‘பிரித்தெடுப்பு’ ஆய்வுகூடத்துக்குச் சரி. தேத்தண்ணி ஊற்றும்போது “சாயம் இன்னும் இறங்கவில்லை” என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். அந்த ‘இறக்க’த்தை எடுத்து, குறை இறக்கம், மிகை இறக்கம் என்று வைத்தால் புளிப்புக்கும் கசப்புக்கும் காரணம் சொல்வது எளிது. மேட்டில் இறங்குவதையும் ‘இறக்கம்’ என்கிறோமே என்று யாராவது கேட்பீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் வேலை செய்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், உங்களுக்குள் என்ன சொல் புழங்குகிறது என்று எழுதினால் அடுத்த மடலில் அதை எடுப்போம்.